மாமனாரின் தொண்டை

அவரை எல்லோரும் மாமனார் என்றுதான் கூப்பிடுவார்கள். மேக்கப்மேன், டிரைவர், டீ கொண்டுவருகிறவர், எடிட்டர், எல்லோருக்கும் அவர் மாமனார். சொந்த மாப்பிள்ளை ஒருத்தர் இருக்கிறார், அவர் மட்டும் 'சார்' என்பார். முப்பத்தோரு சீரியலில் பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கலங்கிய மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவர் எனக்கு வைத்த பெயர் தொண்டை. டிவியில் நீங்கள் பார்ப்பது அவர் முகம். கேட்பது என் குரல். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான்.

இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் ஒருநாள், "சார், நீங்க அந்த மாமனார் நடிகர் மாதிரியே பேசறீங்க. ஆனா அவர்கிட்ட இருக்கற கம்பீரம் கொஞ்சம் கம்மி" என்றார். வாங்கிய சர்க்கரையை அப்படியே அவர் தலையில் கொட்டலாம் என்று வந்தது. கொட்டவில்லை. வீட்டில் சர்க்கரை தீர்ந்திருந்தது.

ஆள் ஆறடி. வாசலில் நின்றால் கதவு தெரியாது. மூக்கு, மீசை, பார்வை எல்லாம் பணக்காரத் தகப்பனுக்கென்றே செய்துவைத்தது. வாயைத் திறந்தால் போச்சு. தண்ணீர் நின்றுபோன குழாயைத் திருகினால் ஒரு காற்று வருமே, அப்படி ஒரு குரல். முதல் சீரியலில் அவருக்குக் கோடீஸ்வரர் வேஷம். "இந்த வீட்டு வாசப்படிய மிதிக்காதே!" என்று அவர் கர்ஜித்ததும் கேமராமேன் சிரித்துக் கேமராவே ஆடிவிட்டதாம். அப்போதெல்லாம் படம் பிடிக்கும்போது பதிவாகிற குரல் சும்மா அடையாளத்துக்குத்தான். ஒளிபரப்பாகிற குரலை அப்புறம் டப்பிங் அறையில் பேசிச் சேர்ப்பார்கள். அதனால் இயக்குநர் அலட்டிக்கொள்ளவில்லை. "நீங்க வாயசைங்க சார், குரலுக்கு ஆள் பாத்துக்கறோம்" என்றார். அப்படிப் பார்த்த ஆள் நான்.

அதற்கப்புறம் அவருக்கு ஒருநாள்கூட ஓய்வில்லை. நகரத்துக்கு வெளியே ஒரு பங்களா இருக்கிறது, வாடகைக்கு விடுவார்கள். கீழ்த்தளத்தில் ஒரு சீரியல் நடக்கும், மாடியில் இன்னொன்று, பின்னால் கார் ஷெட்டில் போலீஸ் ஸ்டேஷன். காலையில் கீழே கோட்டுப் போட்ட முதலாளி. மத்தியானம் மாடியில் கிழிந்த பனியனோடு ரிட்டயர்டு கிளார்க். நாலு மணிக்குக் கார் ஷெட்டில் இன்ஸ்பெக்டர். நடுவில் படிக்கட்டிலேயே மீசையை ஒட்டிக்கொள்வார். ஒருநாள் மாடியில் நோய் முற்றிச் செத்துவிட்டு, முகத்தில் பூசிய வெளிறலைத் துடைக்காமல் கீழே இறங்கி, முதலாளியாகப் பெண்ணை வெளுத்து வாங்கிவிட்டார். ஒருத்தரும் கவனிக்கவில்லை. ஒளிபரப்பானதும், முதலாளிக்கு என்ன உடம்பு என்று கேட்டு முந்நூறு கடிதம் வந்தது. வேறு வழியில்லாமல் கதாசிரியர் முதலாளிக்கும் ஒரு நோயைக் கொடுத்தார். அது ஆறு வாரம் ஓடியது.

இதுவரை பதினாலு தடவை செத்திருக்கிறார். எட்டு மாரடைப்பு, மூன்று கார் விபத்து, ஒரு நோய், ஒரு விஷம், ஒருதடவை படியில் உருண்டு. அதில் இரண்டு சாவு, பெண்ணின் பிரசவத்துக்கு லீவு கேட்டதற்காக எழுதப்பட்டவை.

ஒருநாளைக்குப் பதினாறு காட்சி நடிக்கிற மனிதன் வசனத்தை எப்படி மனப்பாடம் செய்வான்? செய்ய மாட்டார். எண்களைச் சொல்வார். குரல்தான் போகப்போகிறதே, வாய் அசைந்தால் போதாதா? அதிலும் மனிதருக்கு ஒரு முறை உண்டு. கோபத்துக்கு எழுபதுகள். "எழுபத்தெட்டு! எழுபத்தொன்பது!" என்று பல்லைக் கடித்தால் எதிரில் நிற்கிற மருமகன் நிஜமாகவே நடுங்குவான். துக்கத்துக்கு நாற்பதுகள். "நாப்பத்தொண்ணு... நாப்பத்திரெண்டு..." என்று கண்ணீர் வழிய அவர் சொன்னால் லைட்மேன்கூட மூக்கை உறிஞ்சுவார். இந்த எண்களின் மேல்தான் நான், "என் பொண்ண உங்கிட்ட குடுத்தேனேடா பாவி" என்று வசனத்தைப் பொருத்த வேண்டும். உதடு மூடும் இடத்தில் என் சொல்லும் மூட வேண்டும். எத்தனை நாள் அந்த நாப்பத்திரெண்டைச் சபித்திருப்பேன் தெரியுமா?

நாங்கள் நேரில் சந்தித்ததே குறைவு. அவர் படப்பிடிப்பில், நான் ஜன்னலில்லாத டப்பிங் அறையில். ஆனால் அவர் எந்த இடத்தில் மூச்சை இழுப்பார், எந்தக் கண் முதலில் கலங்கும் எல்லாம் எனக்கு அத்துப்படி. "கட்டின பொண்டாட்டி மூஞ்சிய இப்படி ஒருநாள் பாத்திருக்கீங்களா?" என்று என் மனைவி சொல்லிக் காட்டுவாள். நியாயம்தான்.

வெளியிடங்களில் அவர் பேசவே மாட்டார். கடையில் யாராவது, "சார், ஒரு டயலாக் சொல்லுங்க" என்று வந்தால், தொண்டையைத் தொட்டுக் காட்டி, சரியில்லை என்று கையை ஆட்டுவார். இருபத்திரண்டு வருடமாக மனிதருக்குத் தொண்டை சரியில்லை. பார்க்கிறவர்கள் என்ன அடக்கம், என்ன அடக்கம் என்று உருகிப் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் ஒரு காலை, நான் டப்பிங் ஸ்டுடியோவுக்குள் நுழையப் போகும்போது வாசலில் அவர் கார் நின்றது. கண்ணாடியை இறக்கி, "உள்ள ஏறுப்பா" என்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என்னண்ணே, யாராவது போயிட்டாங்களா?"

"நாந்தான் போயிட்டேன். புது டைரக்டரம்மா ஒருத்தங்க வந்தாங்க. பன்னெண்டு வாரக் கதை, சனிக்கிழமை சனிக்கிழமை வருமாம். பொண்டாட்டி செத்துப்போன ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். கதையே அவர் மேலதான். மாமனார் இல்ல, டாக்டர் இல்ல. டைட்டில்ல எம்பேர்தான் முதல்ல."

"நல்ல விஷயம்தானே?"

"லைவ் சவுண்டாம்ப்பா."

படம் பிடிக்கும்போதே குரலையும் பிடித்துவிடுவார்கள், டப்பிங் கிடையாது. அவர் வழக்கம்போல் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறார். அந்தம்மா சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, பத்து நாளில் வந்து வசனம் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"அதனால?" என்றேன்.

"என்னை மாதிரி எப்படிப் பேசறதுன்னு எனக்குக் கத்துக் குடு."

எனக்கு வந்ததே கோபம். என் பிழைப்பில் பாதி அவர் வாய். அந்த வாய் தானாகப் பேச ஆரம்பித்தால் நான் என்ன செய்வது? போதாததற்கு நானே கற்றுக்கொடுக்க வேண்டுமாம். "அப்ப உங்க மூஞ்சிய எனக்குக் குடுங்க. நானும் போய் டைட்டில்ல நிக்கறேன்" என்று கதவைத் திறந்து இறங்கப் போனேன்.

கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு தடவைப்பா. அறுபத்தி நாலு ஆச்சு. நான் வாயத் தெறந்து பேசினது, நான் பேசினதாவே ஒரு தடவை டிவில வரணும். அதுக்கப்பறம் எவன் வேணா எனக்குப் பேசட்டும், கேக்க மாட்டேன்" என்றார். சீரியலில் அவர் எத்தனையோ முறை கெஞ்சிப் பார்த்திருக்கிறேன். இந்த முகம் அதில் எதிலும் இல்லை. கதவை மூடினேன்.

பத்து நாள் அந்தக் காருக்குள் பாடம் நடந்தது. வயிற்றிலிருந்து பேசுங்கள் என்றால் வயிற்றை எக்கிக்கொள்வார். கீழே இறக்குங்கள் என்றால் தலையை இறக்குவார். இரண்டு பேரும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, "யார்ரா நீ! யார்ரா நீ!" என்று மாறி மாறிக் கத்துவதைப் பார்த்து வாட்ச்மேன் ஒருநாள் வந்து கதவைத் தட்டினார். ஏழாம் நாள் அவருக்கு நிஜமாகவே தொண்டை கட்டிக்கொண்டது. எட்டாம் நாள் காற்று மட்டும் வந்தது. பத்தாம் நாள் அந்தம்மா முன்னால் போய் உட்கார்ந்து, இருக்கிற காற்றைவைத்து உண்மையைச் சொல்லியிருக்கிறார். அந்தம்மா சிரிக்கவில்லையாம். "எனக்கு வேண்டியது இந்தக் குரல்தான் சார். பொண்டாட்டி போன மனுஷன் கர்ஜனையா பண்ணுவான்? இத்தனை வருஷம் இதை எதுக்கு ஒளிச்சு வெச்சீங்க?" என்று கேட்டாராம்.

அன்று சாயங்காலம் அவர் போனில் இதைச் சொன்னபோது அழுதார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் மனப்பாடம். அறுபத்து நாலு வயதில் பன்னிரண்டு வாரத்து வசனம். வீட்டில் அவர் மனைவி, எங்கள் அண்ணிதான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மகனாக, பக்கத்து வீட்டுக்காரியாக, டாக்டராக எல்லாம் பேசியிருக்கிறாள். ஒரு சொல் பிசகினால், "முதல்லேந்து" என்பாளாம். படப்பிடிப்பின் முதல் நாள், முதல் ஷாட், பழக்கதோஷம், கண்ணில் நீர் திரள, "நாப்பத்தொண்ணு... நாப்பத்திரெண்டு..." என்று ஆரம்பித்துவிட்டார். மைக் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. ஐம்பது பேர் பார்த்துக்கொண்டு நிற்க, அந்தம்மா கையிலிருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்து, "சார், இது எந்த சீன்?" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு மட்டும்தான் அப்படி. அதன்பின் ஒரு எண்ணும் வாயில் வரவில்லை. நாற்பது நாளில் முடித்துவிட்டார்.

ஒளிபரப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது சேனலிலிருந்து எனக்குப் போன் வந்தது. போனேன். இஸ்திரி கலையாத சட்டையும் இரண்டு போனுமாக ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். சேனலின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்.

"சார், முதல் எபிசோடை நூறு பேருக்குப் போட்டுக் காட்டினோம். பாதிப் பேர், அவருக்கு இன்னும் தொண்டை சரியாகலையான்னு கேக்கறாங்க. மீதிப் பேர், அவர் குரல் எங்கன்னு கேக்கறாங்க."

"இதுதானே அவர் குரல்?"

"மக்களுக்கு உங்க குரல்தான் சார் அவர் குரல். நீங்க பேசிக் குடுத்துடுங்க."

பொய் சொல்ல மாட்டேன், கேட்டதும் உள்ளே குளுகுளு என்றிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒருத்தர்கூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. "டைரக்டரம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன். "சண்டை போட்டாங்க. ஒப்பந்தத்துல கடைசி முடிவு எங்களுதுன்னு இருக்கு" என்றார். எல்லாம் அங்கேயே டப்பிங் அறைக்குள் வைத்துக்கொண்டுதான் பேசினார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றேன். பழக்கம்தானே, கால் தானாகப் போய் நின்றது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இன்ஜினியர் படத்தை ஓடவிட்டார்.

கண்டக்டர் செத்துப்போன மனைவியின் போன் நம்பரை நிறுத்தச் சொல்லிக் கம்பெனிக்குப் போன் செய்கிறார். அங்கே ஒரு பெண், நம்பர் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும் என்கிறாள்.

"அவங்க வர முடியாதும்மா."

"வெளில போயிருக்காங்களா சார்? எப்ப வருவாங்க?"

அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. நானாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு விம்மல் வைத்திருப்பேன். அவர் வைக்கவில்லை. "அந்த நம்பருக்கு அடிச்சா எஞ்சட்டைப் பையிலதாம்மா அடிக்கும். எடுக்க ஆளில்ல. அதான் நிறுத்தச் சொல்றேன்" என்றார். அந்தக் காற்றுக் குரலில், பஸ்ஸில் மிச்சச் சில்லறை கேட்கிற மாதிரி, சாதாரணமாக. இருபத்திரண்டு வருடமாக இந்த மனிதன் வாயை அடைத்துக்கொண்டு நான்தான் உட்கார்ந்திருக்கிறேனா என்று தோன்றியது.

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். "இதுக்கு மேல நான் பேச மாட்டேன். இது சரியா இருக்கு" என்றேன்.

"சார், யோசிச்சு..."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? இது மேல எவன் பேசினாலும் பாழாப்போயிடும். என்னால முடியாது."

"சரி சார்" என்றார் பொறுப்பாளர், மிக மரியாதையாக. வாசல்வரை வந்து வழியனுப்பினார். அந்த மரியாதையைப் பார்த்தே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் இல்லாமல் யார் பேசிவிட முடியும் என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன். மாமனாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்படியொரு பேச்சு நடந்ததே தெரிய வேண்டாம், மனிதர் நொறுங்கிவிடுவார் என்று நினைத்தேன். உண்மையான காரணம் அதுமட்டும் இல்லை. எல்லாம் முடிந்தபின் ஒருநாள் சாவகாசமாகச் சொல்லி, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்க வேண்டும் என்று ஒரு ஆசை.

முதல் எபிசோடு ஒளிபரப்பாகிற சனிக்கிழமை ஏழு மணிக்கே அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். ஹால் நிறைய ஆட்கள். பெண், மாப்பிள்ளை, மேல் வீட்டுக் குடும்பம், அண்ணியின் தங்கைகள் இரண்டு பேர். சாப்பாட்டு மேஜை நாற்காலிகளையும் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். மாமனார் மடிப்புக் கலையாத புதுச்சட்டையில், பெண் பார்க்க வந்தவர் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அண்ணி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ரிமோட்டைக் காட்டிச் சிரித்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. இவர் வர்ற எந்தச் சீரியலையும் நான் சத்தம் வெச்சுப் பாத்ததே இல்ல. உங்க மேல கோவமெல்லாம் கெடையாது. வேற ஒரு ஆம்பளை குரல்ல இவர் பேசறத எப்படி ஒக்காந்து கேக்கறது, சொல்லுங்க? ஊமைப்படமாவே பாத்து முடிச்சிட்டேன். இன்னிக்குத்தான் முதல் தடவையா சத்தம் வெக்கறேன்."

"நல்லா வைங்கண்ணி" என்றேன்.

முதலில் அவர் பெயர் வந்தது. மேல் வீட்டுக்காரர் கைதட்டினார். கண்டக்டர் எழுந்தார், முகம் கழுவினார், பாலைக் காய்ச்சினார், பழக்கத்தில் இரண்டு டம்ளரை எடுத்து ஒன்றைத் திரும்ப வைத்தார். மூன்று நிமிடம் பேச்சே இல்லை. அப்புறம் போனை எடுத்தார். அண்ணி சத்தத்தை இன்னும் இரண்டு கோடு கூட்டினாள்.

"அவங்க வர முடியாதும்மா" என்றது டிவி. என் குரலில்.

ஹாலில் இருந்த அத்தனை தலையும் என்பக்கம் திரும்பியது. அண்ணி டிவியைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள். "பேசிக் குடுத்துட்டு, கூசாம வந்து பக்கத்துல வேற ஒக்காந்தீங்களா?" என்றாள்.

"நான் இல்லண்ணி. சத்தியமா நான் இல்ல."

"அப்ப யாரு?" என்று மாப்பிள்ளை எழுந்துவிட்டார். "இது உங்க குரல்தானே? எங்களுக்குக் காது இல்லையா?"

நான் இல்லை, நான் இல்லை என்று எந்தக் குரலில் கத்தினேனோ அதே குரலில் டிவியும் அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தது. அச்சு அசல். எவனோ என்னை மாதிரி பேசப் பழகியவன். என்னை ஒருத்தருக்கும் தெரியாது, என் குரலைக் காப்பியடிக்க மட்டும் ஆள் இருக்கிறான். எனக்கே ஒரு கணம், தூக்கத்தில் போய்ப் பேசிவிட்டேனோ என்று வந்துவிட்டது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு நம்புங்கள் என்று சொல்வது?

மாமனார் கையை உயர்த்தினார். எல்லோரும் அடங்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காட்சி முழுவதையும் கேட்டார். சட்டைப் பை வசனத்துக்கு முன்னால் அந்தக் குரல் விம்மியது. கண்ணைத் திறந்தார்.

"இது இவன் இல்ல" என்றார். "யாரோ ஒருத்தன், நான் அழறதுக்கு முன்னாடியே அழறான். தொண்டை அப்படிப் பண்ண மாட்டான். நான் எங்க அழுவேன்னு அவனுக்குத் தெரியும்."

அப்போதுதான் நான் எல்லாவற்றையும் சொன்னேன். சேனலில் கூப்பிட்டதை, அவர் பேசியதைக் கேட்டதை, ஹெட்போனைக் கழற்றி வைத்ததை. கைதட்டல் வரும் என்று நினைத்துச் சேர்த்துவைத்த கதை.

"எப்போ?" என்று கேட்டார் மாமனார்.

"மூணு வாரம் ஆச்சுண்ணே."

"மூணு வாரம்." அவர் புதுச்சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். "சொல்லியிருந்தா போய்ச் சண்டை போட்டிருப்பேன். இல்ல, கால்ல விழுந்திருப்பேன். ஏதாவது ஒண்ணு செஞ்சிருப்பேன்ல? எல்லாரையும் கூப்பிட்டு வெச்சுக்கிட்டு இப்படி ஒக்காந்திருக்க மாட்டேன்."

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னு..."

"இப்பப் படலையா?"

அண்ணி டிவியின் சத்தத்தை நிறுத்தினாள். திரையில் அவர் பேசிக்கொண்டிருந்தார், வாய் மட்டும் அசைந்தது. "நீங்க சொல்லுங்க" என்றாள் அவரிடம். "உங்களுக்குத்தான் மனப்பாடமாச்சே. நான் கேக்கறேன்." அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து பேசிப் பார்த்தார். இரண்டு வரி. தன் உதட்டையே அவரால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. அது முன்னால் போக, குரல் பின்னால் ஓடியது. மூன்றாவது வரியில் நிறுத்திவிட்டார். பெண் அழ ஆரம்பித்தாள்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருக்கும்.

"எப்படியும் என் குரல் வரப்போறதில்லன்னு உனக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்பறம் எதுக்குப்பா எவனோ ஒருத்தன்கிட்ட என்னை விட்டுட்டு வந்தே? நீயே பேசியிருக்கலாம்ல?"

இருபத்திரண்டு வருடமாக அவர் வாய்க்கு வார்த்தை வைத்தவன், நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நல்லது செய்ததாக நினைத்தேன். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறேன், அவ்வளவுதான். அவமானமாக இருந்தது. எழுந்து வர முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"இன்னும் பதினோரு வாரம் இருக்கு" என்றார். "போய்க் கேளு. குடுப்பாங்க."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்த இஸ்திரிச் சட்டைக்காரருக்கு நானே போன் செய்தேன். என்னிடம் இருக்கிற கோபத்தையெல்லாம் மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, வேலை கேட்கிற குரலில் கேட்டேன். அவர் அதே மரியாதையோடு, "நாலு எபிசோடு அந்தப் புது ஆள் பேசி முடிச்சிட்டார் சார். அஞ்சுலேந்து நீங்க பண்ணுங்க. முதல்லயே சரின்னு சொல்லியிருந்தா எல்லாருக்கும் நல்லா இருந்திருக்கும்" என்றார். ஆமாம் சார் என்றேன்.

புதன்கிழமை அறைக்குள் போய் மைக் முன்னால் நின்றேன். திரையில் கண்டக்டர் மகன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஹெட்போனில் அவர் மூச்சு கேட்டது. செருப்பைக் குனிந்து கழற்றுகிற வயதானவரின் மூச்சு, அத்தனை சுத்தமாகப் பதிவாகியிருந்தது. இன்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து கேட்டார்.

"சார், உங்க காதுல அவர் குரலை எடுத்துடட்டுமா? ரெண்டும் சேர்ந்து வந்தா தொந்தரவா இருக்கும்."

"இல்ல, இருக்கட்டும்" என்றேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் பேச ஆரம்பித்தார். நானும் பேச ஆரம்பித்தேன்.